அடகுக் கடை நோட்டில் என் பெயர்: யார் பார்க்கலாம், போலீஸ் கூப்பிட்டால் என்ன செய்வது? கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் புதுச்சேரி நேரு வீதியைச் சுற்றியும் நகையை வைத்துப் பணம் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கடை நடத்துகிறவர்கள் கேட்டவையும் சில உண்டு. பிரிவு எண்கள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி தரப்பட்டுள்ளன. பழைய எண்களைச் சொல்லும் ஏட்டு இன்னும் இருக்கிறார், குழம்ப வேண்டாம். வழக்கு பதிவாகிவிட்டது என்றால் இதைப் படித்ததோடு நிற்காமல் வக்கீலைப் பாருங்கள்.

1. அடகு வைக்கும்போது கடைக்காரர் நோட்டில் என்னென்ன எழுதுவார்?

கடலூர் பக்கம் இருக்கும் கடைகளுக்கு 1943-ம் ஆண்டின் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம் பொருந்தும். தாசில்தாரிடம் உரிமம் வாங்கித்தான் கடை நடத்த வேண்டும். புதுச்சேரிக்கு இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. இரண்டு இடத்திலும் நடைமுறை ஒன்றுதான்: கடைக்காரர் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், உங்கள் கையில் அடகுச் சீட்டு கொடுக்க வேண்டும். நோட்டில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: தேதி, சீட்டு எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், "செயின் 1, கல் தோடு 1 ஜோடி, மொத்தம் 14.300, கல் கழித்து 13.850", தொகை, வட்டி. பக்கத்தில் கையெழுத்து, சில கடைகளில் இடது பெருவிரல் ரேகை. செல்போன் எண்ணும் அடையாள அட்டை நகலும் தனி ஃபைலில் போகும்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன் நகை விவரத்தைப் படித்துப் பாருங்கள். "செயின் 1, 16 கிராம்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஊரில் காணாமல் போன எந்த இரண்டு பவுன் செயினுக்கும் அது பொருந்திவிடும். "முறுக்குச் செயின், கொக்கி புதிதாக மாற்றியது" என்று எழுதச் சொல்லுங்கள். புது நகையாக இருந்தால் ஹால்மார்க்கோடு சேர்ந்து பொறித்திருக்கும் ஆறு எழுத்து-எண் அடையாளத்தையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். ஒரு நிமிட வேலை. பின்னால் எவ்வளவு உதவும் என்பது 7-ம் கேள்வியில் வருகிறது.

2. ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தே ஆகணுமா?

ஆதார் மட்டும்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எதையாவது கொடுக்கலாம். ஆதாரே கொடுப்பதென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். எந்த அட்டையின் நகலாக இருந்தாலும் குறுக்கே "நகை அடகுக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் சீட்டு எண்ணும் போட்டுக் கையெழுத்திடுங்கள். எழுத்து, படத்தின் மேலும் எண்ணின் மேலும் ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுத்துக்கொள்வார்கள்.

3. வீட்டுக்காரர் கடையில போய்க் கேட்டா சொல்லிடுவாங்களா?

கேட்டுப் பெறும் உரிமை அவருக்குச் சட்டத்தில் கிடையாது. அடகு என்பது உங்களுக்கும் கடைக்கும் உள்ள ஒப்பந்தம். கணவர், மாமியார், அண்ணன் யாரும் அதில் தரப்பு இல்லை. கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை உங்கள் தனிச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லிருந்து சொல்லி வருகிறது, 2024-லும் உறுதிப்படுத்தியது. அதை நீங்களே அடகு வைத்தால் அது திருட்டு ஆகாது. அவர் உங்களைக் கேட்காமல் எடுத்து வைத்தால்தான் நம்பிக்கை மோசடி என்ற கேள்வி எழும்.

ஆனால் உரிமை வேறு, நடப்பு வேறு. பழகிய சேட்டுக் கடையில் "அம்மா போன வாரம்தான் வந்தாங்க" என்று பேச்சுவாக்கில் வாய் தவறிவிடும். பெரும்பாலும் விஷயம் வெளியே போவது செல்போன் வழியாகத்தான்: வட்டி நினைவூட்டும் குறுஞ்செய்தி வீட்டுக்காரர் எண்ணுக்கு வந்துவிடும். உங்கள் கையில் இருக்கும் போனின் எண்ணையே கொடுங்கள்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அது முதன்மையாக அரசுக்கு எதிராகப் பயன்படுவது. கடை போன்ற தனியாருக்கான சட்டம் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவும் கம்ப்யூட்டரில் உள்ள விவரத்துக்குத்தான். சிவப்புத் துணி அட்டை போட்ட கை நோட்டுக்குப் பொருந்தாது.

இன்னொன்று: அடகுச் சட்டத்தின் பார்வையில் சீட்டைக் கையில் வைத்திருப்பவரே நகையை மீட்க உரியவர் என்று கருதப்படுவார். பீரோவில் சீட்டைப் பார்த்துவிட்டு வேறொருவர் போய் நகையைத் திருப்பிவிட முடியும். சீட்டு தொலைந்தால் அன்றே கடைக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் நகலில் கடை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. போலீஸ் வந்து கேட்டா, என்னைக் கேட்காமலே நோட்டைக் காட்டிடலாமா?

காட்டலாம், ஆனால் எழுத்துக் கடிதம் வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., 94-ம் பிரிவின்படி ஒரு விசாரணைக்குத் தேவையான ஆவணத்தைக் கொண்டுவரும்படி நிலையப் பொறுப்பு அதிகாரி உத்தரவிடலாம். அது காகிதமாகவோ மின்னணு வடிவிலோ இருக்கலாம். கோர்ட் அனுமதி தேவையில்லை. உங்களுக்குத் தகவல் சொல்லவும் வேண்டாம். "கோர்ட் ஆர்டர் இல்லாம காட்டக் கூடாது" என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. வங்கிகளின் கணக்குப் புத்தகங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, அடகுக் கடைக்கு அந்தக் கவசம் இல்லை.

கடைக்காரர் பார்க்க வேண்டியவை: கடிதத்தில் நிலையத்தின் பெயர், குற்ற எண், எந்தத் தேதிக்கான எந்தப் பதிவு என்ற விவரம், அதிகாரியின் கையெழுத்து. "ரெண்டு வருஷ நோட்டு மொத்தமும் கொடு" என்றால், வழக்குக்கு எந்தப் பக்கம் தேவை என்று எழுத்தில் கேட்கலாம். அந்தப் பக்கத்தின் நகலில் சான்றொப்பமிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினால் மற்ற வாடிக்கையாளர்களின் விவரம் மிஞ்சும். கம்ப்யூட்டர் பதிவாக இருந்தால் கோர்ட்டில் ஏற்க சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுச் சான்றிதழும் கேட்பார்கள்.

சோதனை என்று வந்தால் கதை வேறு. 185-ம் பிரிவில் போலீஸ் வாரன்ட் இல்லாமலும் சோதனையிடலாம். அதற்கு அதிகாரி காரணத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சோதனையை வீடியோ எடுப்பது இப்போது கட்டாயம். அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும், எடுத்த பொருள்களின் பட்டியல் நகல் கடைக்காரருக்குக் கிடைக்க வேண்டும்.

5. நகை காணாமப்போன வீட்டுக்காரங்களே கடை கடையா விசாரிக்கிறாங்க. கடைக்காரர் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. நகை தொலைத்தவர், ஊர்ப் பெரியவர், வார்டு கவுன்சிலர் யாருக்கும் நோட்டைப் பார்க்கும் அதிகாரம் இல்லை. அவர்கள் போலீசில் புகார் கொடுக்கட்டும், அங்கிருந்து மேலே சொன்ன கடிதம் வரட்டும். தகவல் உரிமைச் சட்டத்திலும் கடை நோட்டைக் கேட்க முடியாது. கடைக்கு உரிமம் இருக்கிறதா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம், அவ்வளவுதான்.

6. "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ"ன்னு போன்ல கூப்பிடுறாங்க. போகணுமா?

போன் அழைப்பு சம்மன் ஆகாது. "கண்டிப்பா வர்றேன் சார், சம்மன் கொடுங்க" என்று தன்மையாகச் சொல்லி, கூப்பிட்டவர் பெயர், நிலையம், குற்ற எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் காகிதத்தில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். முழு விஷயமும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

179 என்றால் நீங்கள் சாட்சி, விவரம் தெரிந்தவர். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். நிலையத்துக்கு வர விருப்பம் என்று அவர்களாகச் சொன்னால் மட்டும் விலக்கு.

35(3) என்றால் உங்கள் மேல் சந்தேகம். இந்த நோட்டீசுக்குப் போகாமல் இருக்கவே கூடாது. சொன்ன தேதியில் ஆஜராகிக்கொண்டிருக்கும் வரை, கைது அவசியம் என்று காரணம் எழுதினால் ஒழியக் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால் அந்தக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. இந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வந்ததை அலட்சியப்படுத்தாமல் வக்கீலிடம் காட்டி, அவரோடு போவதே நல்லது.

7. நான் வேலை பார்க்கிற வீட்டுல நகை காணோம். போன வாரம்தான் என் கம்மலை அடகு வச்சேன். மாட்டிக்குவேனா?

வீட்டு வேலை செய்யும் பெண்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

திருட்டு நடந்த சில நாளில் அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்தால், அவர் திருடியிருக்கலாம் அல்லது தெரிந்தே வாங்கியிருக்கலாம் என்று கோர்ட் அனுமானிக்கலாம். சாட்சியச் சட்டம் 119-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது எழ இரண்டு விஷயம் வேண்டும். அடகு வைத்தது காணாமல் போன அதே நகை என்று முதலில் அவர்கள் காட்ட வேண்டும். அதன் பிறகும் அது எப்படிக் கைக்கு வந்தது என்பதை நீங்கள் விளக்க முடியாமல் இருக்க வேண்டும். புகாரில் சொன்ன எடையும் உங்கள் சீட்டில் உள்ள எடையும் ஒப்பிடும்போது முதல் கட்டத்திலேயே பல வழக்குகள் விழுந்துவிடும். அதனால்தான் 1-ம் கேள்வியில் கல் கழித்த எடையையும் அடையாளத்தையும் அவ்வளவு வலியுறுத்தினோம்.

உடனே தேட வேண்டியது பழைய அடகுச் சீட்டுகள். அதே கம்மலை இரண்டு வருஷத்துக்கு முன் வைத்து மீட்டிருந்தால், திருட்டு நடந்ததற்கு முந்தைய தேதியில் அதே எடையுடன் கடை நோட்டில் ஒரு வரி இருக்கும். அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது. யாரும் பார்க்கக் கூடாது என்று நீங்கள் நினைத்த நோட்டே இங்கே உங்கள் பக்கம் பேசும். சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தாலும் தேதி தோராயமாகத் தெரிந்தால் கடைக்காரர் பக்கத்தைத் தேடி எடுத்துவிடுவார்.

அன்று அடகு வைத்த நேரத்து சிசிடிவி பதிவு உங்களுக்கு உதவும் என்றால் தாமதிக்காதீர்கள், சில வாரத்தில் மேலேயே மறுபதிவு ஆகிவிடும். தேதி, நேரம் குறிப்பிட்டு "அழிக்காமல் வைத்திருங்கள்" என்று கடைக்கும் விசாரணை அதிகாரிக்கும் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

8. பில் இல்லையே, அம்மா போட்ட நகை. என்ன காட்டறது?

பில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்கள் தரும் விளக்கம் நம்பத்தகுந்ததாக இருந்தால் போதும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை போலீசுடையது. கழுத்தும் காதும் தெளிவாகத் தெரியும் கல்யாண போட்டோ, வளைகாப்பு போட்டோ, பத்தரிடம் பற்றவைத்த சீட்டு, கூட்டுறவு வங்கியில் வைத்த பழைய நகைக்கடன் சீட்டு, நகை போட்ட அம்மாவின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

ஹால்மார்க் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆறு இலக்க அடையாளம் உள்ள நகையை மட்டுமே விற்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1-லிருந்துதான். அம்மா காலத்து நகையில் அது இருக்காது. அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகைக்கடை, தூய்மை, நகையின் வகை தெரியும். வாங்கியவர் பெயர் வராது. பெயர் வேண்டுமென்றால் அந்த நகைக்கடையின் பில் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

9. விசாரணையில் வாயைத் திறக்காம இருக்கலாமா?

பெயர், முகவரி சொல்லுங்கள். அதற்கு மேல், உங்களைக் குற்றத்தில் சிக்க வைக்கும் பதிலைச் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சாசனம் 20(3) தரும் உரிமை அது, பி.என்.எஸ்.எஸ். 180-ம் பிரிவும் அதையே சொல்கிறது. பேசாமல் இருப்பது குற்றம் இல்லை. பயத்தில் "நான் அந்தக் கடைக்கே போனதில்லை" என்று பொய் சொல்லி, பிறகு நோட்டில் கையெழுத்தைக் காட்டும்போதுதான் நிரபராதியும் மாட்டிக்கொள்கிறார்.

விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து தேவையில்லை, 181-ம் பிரிவு அதைத் தடுக்கிறது. வெள்ளைத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது அதன் விதிவிலக்கு: காவலில் இருக்கும்போது நீங்கள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த வாசகம் மட்டும் சாட்சியம் ஆகும். நகை வழக்குகளில் இது எப்போதும் "இன்ன கடையில் வைத்தேன், காட்டுகிறேன்" என்ற வரிதான். குற்றப்பத்திரிகையில் "ரெக்கவரி" என்று வருவதன் அடிப்படை இது. அடித்துச் சொல்ல வைத்திருந்தால், மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகும் முதல் தடவையே அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். காயத்தைக் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் எடுபடாது.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38-ம் பிரிவில் உண்டு. முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது, இடையில் பேசலாம்.

10. கைரேகை, கையெழுத்து மாதிரி கேக்குறாங்க. இதுவும் 20(3)-ல வராதா?

வராது. ரேகையும் கையெழுத்து மாதிரியும் தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே முடிவு செய்துவிட்டது. 349-ம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் கொடுக்க வேண்டும். உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2-ம் கேள்வியில் சொன்ன மாதிரி உங்கள் அட்டை நகலை வைத்து வேறு யாரோ அடகு வைத்திருந்தால், இந்த ஒப்பீடுதான் உங்களை வெளியே கொண்டுவரும்.

11. கைது பண்ணிட்டாங்க. முதல் நாள் என்ன கேட்கணும்?

கைதுக்கான காரணம், எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில். எல்லாக் குற்றங்களுக்கும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. உடனடியாக எழுதித் தர முடியாத சூழலிலும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தர வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ ஊரில் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்வதில்லை. விதிவிலக்கான நேரத்தில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு. பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்றவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ன் உத்தரவு. திருட்டுக்கு மூன்று வருடம் வரை, வீட்டுக்குள் திருட்டுக்கு ஏழு வருடம் வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத வகை. கோர்ட்டில்தான் ஜாமீன் கேட்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் 61-ம் நாள் தானாகக் கதவு திறக்காது, மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்கு அழையுங்கள், அல்லது கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆள் அனுப்புங்கள். புதுச்சேரிக்கும் தனி ஆணையம் உண்டு. காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

12. புதுச்சேரியில அடகு வச்சேன், கேஸ் கடலூர்ல. அந்த போலீஸ் இங்க வரலாமா?

கன்னியக்கோயில் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, சட்டம் மாறவில்லை. கடலூர் போலீஸ் புதுச்சேரி நிலையத்தைக் கேட்டுச் சோதனை செய்ய வைக்கலாம். தாமதமானால் தடயம் அழியும் என்றால் 186-ம் பிரிவில் தாங்களே வந்தும் செய்யலாம். அப்போது அந்தப் பகுதி நிலையத்துக்குத் தகவலும் பட்டியல் நகலும் கொடுக்க வேண்டும். எனவே கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "லோக்கல் ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கீங்களா?"

வாரன்ட்டோடு கைது என்றால் ஒரு நுணுக்கம் உண்டு. வேறு மாவட்டத்தில் கைதானவரை அங்குள்ள அதிகாரி முன் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. வாரன்ட் கொடுத்த கோர்ட் 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது பொருந்தாது. கடலூரும் புதுச்சேரியும் அந்தத் தூரத்துக்குள் வந்துவிடுவதால் வெளியூர் கொண்டுபோக உள்ளூர் அனுமதி வேண்டும் என்ற "டிரான்சிட்" வாதம் இங்கே பெரிதாக நிற்காது. முன்ஜாமீன் மனு வழக்கு உள்ள ஊரின் அமர்வு நீதிமன்றத்தில். அதற்கு மேல் இரண்டு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்றமே.

13. நான் கடைக்காரன். நல்ல நம்பிக்கையில வாங்கின நகை களவுன்னு எடுத்துட்டுப் போறாங்க. என் பணம்?

சந்தேக நகையைக் கைப்பற்ற 106-ம் பிரிவு அதிகாரம் தருகிறது. பறிமுதல் மகஜரில் சீட்டு எண், ஒவ்வொரு உருப்படியின் எடை, கல் விவரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் தராசில் நிறுத்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகல் வாங்குங்கள். "பிறகு தர்றேன்" என்றால் கையெழுத்துக்கு மேலேயே "நகல் தரப்படவில்லை" என்று எழுதுங்கள்.

திருடனுக்கு இல்லாத உரிமையை அவன் உங்களுக்குக் கொடுக்க முடியாது. நகை கடைசியில் உரியவருக்குத்தான் போகும். கொடுத்த பணத்தை அடகு வைத்தவரிடம்தான் கேட்க வேண்டும். களவுப் பொருள் என்று தெரியாமல் அதை விலைக்கு வாங்கியவருக்கு, கைதானவரிடம் கிடைத்த ரொக்கத்திலிருந்து கொடுக்க 499-ம் பிரிவில் வழியுண்டு. அது பேசுவது விற்பனையைப் பற்றி, அடகுக்கு நீளுமா என்பதை வக்கீல்தான் வாதாட வேண்டும். ரொக்கம் கிடைப்பதே அபூர்வம்.

"அந்த நகை இல்லைன்னா அதே எடைக்கு வேற கொடு" என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. வேறு நகையைக் கொடுத்தால் வழக்கில் பொய்ச் சாட்சியத்தை நீங்களே உருவாக்குகிறீர்கள், இன்னொரு வாடிக்கையாளரின் சொத்தையும் இழக்கிறீர்கள். அப்படிக் கேட்டால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள்.

உங்கள் மீதே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவு, அதாவது களவுப் பொருள் வாங்கிய குற்றம் போடுவதற்கு, "களவு என்று நம்பக் காரணம் இருந்தது" என்று காட்ட வேண்டும். அடையாள அட்டை வாங்காதது, கடை அடைக்கும் நேரத்தில் அவசரமாக வாங்கியது, பதினேழு வயதுப் பையனிடம் வாங்கியது, நோட்டில் ஏற்றாமல் துண்டுச் சீட்டில் எழுதியது எல்லாம் அந்தக் காரணம் ஆகும். நீங்கள் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டுவிட்டால் 4-ம் கேள்வியில் சொன்ன "ஆவணம் கொண்டு வா" உத்தரவு உங்களைக் கட்டுப்படுத்தாது. 1960-களில் குஜராத் வட்டிக்கடைக்காரர் ஒருவரின் கணக்குப் புத்தகம் பற்றிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்மானித்தது. சோதனை போட்டு எடுப்பதற்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

14. அது என் சொந்த நகை. கேஸ் முடியுற வரைக்கும் கோர்ட்லயே கிடக்குமா?

கிடக்க வேண்டியதில்லை. 503-ம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு இடைக்காலமாகக் கேட்கலாம். போட்டோ எடுத்து, எடை குறித்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு தங்கத்தைச் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. 8-ம் கேள்வியில் உள்ள ஆதாரங்களையும் சீட்டையும் இணையுங்கள். கடைக்காரரும் தன் அடகு உரிமைக்கு மனுப் போடுவார், எனவே அசலும் வட்டியும் எவ்வளவு என்று முன்பே பேசி வையுங்கள். நகை கோர்ட்டில் இருக்கும் காலத்துக்கு வட்டி ஓடுமா என்று கடையிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் பேசியது பின்னால் நிற்காது.

15. ஃப்ரெண்டு நகையை என் பேர்ல வச்சுக் கொடுத்தேன். இப்ப அது களவுன்னு சொல்றாங்க.

நோட்டில் இருப்பது உங்கள் பெயர், ரேகை, போன் எண். போலீஸ் முதலில் உங்களிடம்தான் வரும். நகை அவனுடையது என்பதற்கும் பணம் அவனுக்குப் போனதற்கும் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்: அன்றே அவன் கணக்குக்கு அனுப்பிய ஜிபே பதிவு, "அடகு வச்சுக் குடுடா" என்ற வாட்ஸ்அப் செய்தி. போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். முதல் சம்மனுக்கு வக்கீலோடு போங்கள். இனிமேல் யார் கேட்டாலும் வைத்துக் கொடுக்காதீர்கள், மச்சானாக இருந்தாலும்.

16. கடை கேமராவுல இருந்த என் படத்தை "திருடி"ன்னு வாட்ஸ்அப் குரூப்புல சுத்த விட்டாங்க.

கோர்ட் முடிவு செய்யாத ஒன்றை அப்படிப் பரப்புவது அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவு. குரூப் பெயர், அனுப்பியவர் எண், நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குரூப்பில் இருக்கும் யாராவது ஒருவரின் போனில் அசல் செய்தி அழியாமல் இருக்கட்டும், சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுச் சான்றிதழ் தர அந்தப் போன் வேண்டும். அவதூறு வழக்கைப் போலீஸ் நேரடியாகப் பதிவு செய்யாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கடைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே பெரும்பாலும் படம் இறங்கிவிடும்.

17. விடுதலை ஆயிட்டேன். என் பேரை எல்லா இடத்துலயும் அழிக்கச் சொல்லலாமா?

கடை நோட்டில் முடியாது. அது சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்கு, நீங்கள் அடகு வைத்தது உண்மையும் கூட. இணையத்தில் கிடக்கும் தீர்ப்பில் பெயரை மறைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

போலீஸ் எடுத்த ரேகை, போட்டோ விஷயத்தில் வழி இருக்கிறது. 2022-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி அவற்றை 75 வருடம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலையானாலோ, மாஜிஸ்திரேட் வேறு மாதிரி உத்தரவிட்டால் ஒழிய, அழித்துவிட வேண்டும். யாரும் தானாக அழிப்பதில்லை. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அப்பீல் காலம் முடிந்ததும் அந்த நகலை இணைத்து, இதற்கென அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்கு (நோடல் அதிகாரி) மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் அதே மனுவின் நகலோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.